வடக்கே காரோட்டிப் போகிறவர்களுக்கு: கூப்பிடாமல் வரும் இழுவை லோரியிடம் காரைக் கொடுக்காதீர்கள்

தீபாவளிக்கோ பள்ளி விடுமுறைக்கோ ஜொகூர், கோலாலம்பூர் பக்கமிருந்து பேராக், கெடா போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கார் நின்றுபோனால், நீங்கள் அழைக்காமலே பக்கத்தில் வந்து நிற்கும் இழுவை லோரியை நம்பாதீர்கள். ஆள் தமிழில் பேசினால் இன்னும் கொஞ்சம் யோசியுங்கள்.

எங்களுக்கு இது நடந்தது தீபாவளிக்கு முதல் நாள். ஜொகூர் பாருவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு 500 கிலோமீட்டருக்கு மேல். அன்று சாயங்காலம் வீட்டில் அப்பாவுக்குப் படையல் என்பதால் விடியுமுன்னே கிளம்பிவிட்டோம். சிரம்பான் தொடங்கி நெரிசல். தஞ்சோங் மாலிம் தாண்டியதும் சூடு காட்டும் முள் சரசரவென்று ஏறியது, பானெட் இடுக்கில் ஆவி. அவசரத் தடத்தில் ஓரங்கட்டி, முக்கோணத்தை வைத்துவிட்டு, பிள்ளைகளை இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போய் நிற்க வைத்தோம். இந்த நெடுஞ்சாலையை நடத்தும் பிளஸ் நிறுவனத்தின் எண் 1800-88-0000க்கு அழைத்து, ஓரத்துப் பலகையில் இருந்த கிலோமீட்டர் எண்ணைச் சொன்னேன். ரோந்து வண்டி வரும், தடுப்புக்குப் பின்னாலேயே நில்லுங்கள் என்றார்கள்.

ரோந்து வண்டிக்கு முன்னால் வந்தது ஒரு இழுவை லோரி. ஒளிரும் மஞ்சள் சட்டை போட்ட ஒரு பையன் குதித்து இறங்கினான். "அண்ணே, பிளஸ்ல சொல்லி அனுப்பினாங்க. அக்கா, பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு முன்னால ஏறுங்க, இங்க நிக்கறது ஆபத்து." ஊர் எது என்று கேட்டான். சுங்கை சிப்புட் என்றதும், "அட, சம்பந்தன் ஊரு! என் சித்தி வீடு அங்கதான்" என்றான். பேசிக்கொண்டே கொக்கியை மாட்டிவிட்டான். அவன் சித்தி இருந்தாரோ இல்லையோ, அந்த ஒரு வாக்கியம் அவனுக்கு நன்றாகவே வேலை செய்தது.

டோலை நெருங்கும்போது என் ஃபோன் அடித்தது. பிளஸ் ரோந்துக்காரர். "நாங்க வந்துட்டோம், உங்க காரைக் காணோமே?" பையனைக் கேட்டேன். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவங்க வேற டீம் அண்ணே" என்றான். நிறுத்தச் சொன்னேன். இறக்கினாலும் 350 வெள்ளிதான், கொக்கி போட்டாச்சு என்றான். டோலில் தட்ட என் டச் அண்ட் கோ கார்டையே கேட்டான். உண்மையில் பிளஸ் வண்டியே பக்கத்து டோல் அல்லது ஓய்வுத்தலம் வரை இலவசமாக இழுத்துக்கொண்டு போய் விட்டிருக்கும்.

பட்டறை செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. பெயரும் ஊரும் இங்கே எழுதப் போவதில்லை, விசாரணையில் சொல்வேன். உள்ளே வரக்கூடாது என்று எங்களை வெளியே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். போமென் (மெக்கானிக்) ஒருவர் வந்து, ரேடியேட்டர் போய்விட்டது, வாட்டர் பம்ப்பும் போய்விட்டது, இப்படியே ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும் என்றார். ரேடியேட்டர் போன வருஷம்தான் மாற்றியது என்றேன். "அது மட்டமான சாமான் பாஸ், வெடிச்சிடுச்சு." பழைய சாமான்களைக் காட்டுங்கள் என்றேன். மூலையில் குவிந்து கிடந்த இரும்புக் குப்பையைக் கைகாட்டினார். வேண்டாம், காரைக் கொடுங்கள் என்றால், இன்றோடு கடை மூடுகிறோம், தீபாவளி முடிந்து வந்து எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு 80 வெள்ளி வாடகை ஆகும் என்றார்.

இங்கேதான் அவர்கள் கெட்டிக்காரர்கள். பண்டிகைக்கு முதல் நாள், காரில் பிள்ளைகள், ஊரில் காத்திருக்கும் தாய். இதெல்லாம் தெரிந்துதான் விலை சொல்கிறார்கள். அம்மா வேறு விடாமல் அழைத்துக்கொண்டிருந்தார். "தம்பி, எங்கப்பா வந்துட்டீங்க? இலை போடட்டுமா?"

வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டேன். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது என்றார்கள். பில் கையால் எழுதியது. இழுவை 350, ரேடியேட்டர் 680, வாட்டர் பம்ப் 420, கூலி 300, கூலண்ட் 120. மொத்தம் 1,870 வெள்ளி. கடையின் முத்திரை கிடையாது. கார்டு எடுக்கமாட்டார்கள், ஒரு தனியாள் பெயரில் இருந்த வங்கிக் கணக்குக்கு மாற்றச் சொன்னார்கள். நான் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தபோது என் மனைவி பிள்ளைகளைப் படமெடுப்பதுபோல் கடைப் பலகையையும் லோரியின் எண்ணையும் எடுத்து வைத்துக்கொண்டார். இப்போது எங்கள் கையில் இருக்கும் சாட்சியில் பாதி அவர் புத்தியால் வந்தது.

ஈப்போ உத்தாராவில் இறங்கி, சிம்மோர் பழைய ரோட்டில் வீடு போய்ச் சேர்ந்தபோது இரவு பத்து தாண்டிவிட்டது. அம்மா படையலை முடித்திருந்தார். அப்பாவுக்குப் பிடித்த கோழிப் பிரட்டலை எங்களுக்காகத் தனியே மூடி வைத்திருந்தார். பணத்தைக்கூட விடலாம், அந்தப் படையலுக்கு இல்லாமல் போனதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

மறுநாள் பலகாரம் கொண்டுவந்த பக்கத்து வீட்டு மாமாவிடம் கதையைச் சொன்னேன். அவர் தோட்டத்து ரப்பர் ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பானெட்டைத் திறக்கச் சொன்னார். ரேடியேட்டரின் மேல் பக்கத்தைத் துணியால் ஒரு துடை துடைத்தார். வெள்ளை மார்க்கரில் ஒரு தேதி. போன வருஷம் ஜொகூர் பாரு போமென் மாற்றியபோது எழுதியது, அப்படியே இருந்தது. வாட்டர் பம்ப் போல்ட்டுகளில் பழைய துரு. ஸ்பேனர் பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை. புதிதாக இருந்தது மேல் ரப்பர் குழாயும் அதைப் பிடித்திருந்த இரண்டு கிளிப்பும்தான். "குழாய் வெடிச்சிருக்கு தம்பி. குழாய், கிளிப்பு, தண்ணி, எல்லாம் சேர்ந்து நூறு வெள்ளிகூட வராது. முக்கால் மணி நேரத்துல ரெண்டையும் மாத்திட்டானா? பம்ப் ஒண்ணுக்கே அது பத்தாது." அவர் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் படமெடுத்தேன்.

போலீஸ் ரிப்போர்ட் செய்தாகிவிட்டது. மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். பலருக்கு இது தெரிவதில்லை: மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், சம்பவம் நடந்து 3 வருஷத்துக்குள் போட வேண்டும். வேலை தொடங்குமுன் பட்டறைகள் பழுதையும் செலவையும் விவரமாகச் சொல்ல வேண்டும் என்று 2002லேயே விதிமுறை வந்துவிட்டது. அதனால் முதலில் எழுதி வாங்குங்கள், கழற்றிய சாமானைக் கையில் கேளுங்கள்.

கிளம்புமுன் உங்கள் காப்புறுதியின் அவசர உதவி எண்ணை ஃபோனில் சேமித்து வையுங்கள். முழுக் காப்புறுதி எடுத்தவர்களில் பலருக்கு இழுவைச் செலவும் அதிலேயே அடங்கும். எத்தனை கிலோமீட்டர் வரை என்று பாலிசியில் பாருங்கள். "பிளஸ் அனுப்பியது" என்று யாராவது வந்தால், அவர் முன்னாலேயே பிளஸுக்கு மறுபடி அழைத்து வண்டி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கேட்டு முடிக்கும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். உண்மையாக அனுப்பப்பட்டவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

தீர்ப்பாயத்திலிருந்து விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. இதே பகுதியில், மஞ்சள் சட்டையும் சுங்கை சிப்புட் சித்தியுமாக யாரிடமாவது மாட்டியிருந்தால், உங்கள் பில்லைத் தூக்கிப் போடாமல் எனக்குத் தனியே எழுதுங்கள்.