வெள்ளிக்கிழமை கிளம்பாத லாரி

போன செவ்வாய்க்கிழமை எங்கள் குதிரை மறுபடியும் விற்பனைக்கு வந்தது. பேஸ்புக்கில் படம். வெல்ல நிறம், நெற்றியில் கோணலாக ஒரு வெள்ளைப் பொட்டு, இடுப்பில் எண் போட்ட ஸ்டிக்கர். "வெள்ளி மாலை 5 மணிக்கு லாரி மெக்சிகோவுக்குக் கிளம்புகிறது. 1,450 டாலர் கட்டினால் உயிர் பிழைக்கும்" என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்துக்கொண்டிருந்தபோது அந்தக் குதிரை டாலஸுக்கு வடக்கே ஒரு பண்ணையில், எனக்குப் பத்தடி தள்ளி நின்று புல் மென்றுகொண்டிருந்தது. நான் அதை வாங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது.

"இது என் குதிரை, என்னிடம்தான் இருக்கிறது" என்று கீழே எழுதினேன். இரண்டு நிமிடத்தில் பிளாக் செய்துவிட்டார்கள். அதற்குள் இருபத்தைந்து, ஐம்பது டாலர் என்று ஆட்கள் போட ஆரம்பித்திருந்தார்கள். அதில் இரண்டு மூன்று நம்மூர்ப் பெயர்களும் இருந்தன. வெட்கத்தை விட்டு இதை எழுதுவது அவர்களுக்காகத்தான்.

என் கதையும் ஒரு புதன்கிழமை ராத்திரி இப்படித்தான் ஆரம்பித்தது. மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இரண்டு வருடமாகக் குதிரையேற்றம் கற்றுக்கொண்டிருந்தாள். போனை நீட்டி, "அம்மா, வெள்ளிக்கிழமைக்குள்ள யாரும் காசு கட்டலைன்னா இதை வெட்டிருவாங்களாம்" என்றாள். பன்னிரண்டு வயதுப் பெண்குதிரை, பரம சாது, சின்னப் பிள்ளைகள்கூட ஏறலாம், கால்களில் குறையில்லை, ஜாமீன் தொகை 1,250 டாலர். ஆமாம், பெயில் என்றுதான் எழுதுகிறார்கள், குதிரை ஏதோ குற்றம் செய்து உள்ளே போன மாதிரி. விளம்பரம் போட்டது ஒரு கில் பென், அதாவது அறுப்புக்குப் போகும் குதிரைகளை அடைத்து வைக்கும் பட்டி. வாராந்திர ஏலங்களில் மலிவாக வாங்கி, ஒரு லாரி லோடு சேர்ந்ததும் எல்லை தாண்டி அனுப்பும் வியாபாரிகள் நடத்துவது.

இது முழுக்கக் கட்டுக்கதை என்றால் நானும் ஏமாந்திருக்க மாட்டேன். அமெரிக்காவில் கடைசியாக இயங்கிய மூன்று குதிரை அறுப்புக்கூடங்கள் 2007-இல் மூடப்பட்டன. அதில் இரண்டு எங்கள் டெக்ஸஸில்தான், ஃபோர்ட் வொர்த்திலும் காஃப்மனிலும். மூன்றாவது இல்லினாய்ஸில். குதிரைக் கறியை மனிதர் உண்ண விற்கக் கூடாது என்று டெக்ஸஸில் 1949-லிருந்தே ஒரு சட்டம் இருந்தது. அது செல்லும் என்று நீதிமன்றம் சொன்ன பிறகுதான் டெக்ஸஸில் இருந்த இரண்டும் மூடின. அறுப்பு நின்றதே தவிர வியாபாரம் நிற்கவில்லை. ஈகிள் பாஸ், பிரெசிடியோ வழியாக மெக்சிகோவுக்கும் வடக்கே கனடாவுக்கும் குதிரைகள் போயின. 2012-இல் ஒரு லட்சத்துக்கும் மேல் போயின. மெக்சிகோவிலிருந்து குதிரைக் கறி வாங்குவதை ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் நிறுத்தியது. அதற்குப் பின் எண்ணிக்கை பல மடங்கு சரிந்துவிட்டது. இப்போதும் லாரிகள் போகத்தான் செய்கின்றன. ஆனால் அறுப்புக்கு அனுப்பிக் கிடைக்கும் காசைவிட, அனுப்பப் போகிறேன் என்று படம் போட்டுக் கிடைக்கும் காசு பெரிது என்பதை இவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

எனக்கு இது புரிந்திருக்க வேண்டும். நான் பொள்ளாச்சிப் பக்கம். கேரளாவுக்கு அடிமாடு ஏற்றும் லாரிகளைப் பார்த்து வளர்ந்தவள். தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதை அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தவள். பணம் கட்டுவதற்கு முந்தைய இரவு அப்பாவுக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வண்டி நாளைக்குப் போயிரும், இப்பவே காசக் குடுன்னு எவன் சொல்றானோ, அவன நாளான்னிக்குப் போய்ப் பாரு கண்ணு. மாடு அங்கயேதான் நிக்கும். வெல மட்டும் எறங்கியிருக்கும்."

"இது மாடு இல்லப்பா, குதிரை" என்றேன். அவர் சிரித்தார். எனக்குக் கோபம்கூட வந்தது.

வியாழக்கிழமை காலை 1,250 டாலரை ஜெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையில் அனுப்பினேன். கிரெடிட் கார்டு வாங்குவீர்களா என்று கேட்டதற்கு, "அது சேர இரண்டு நாள் ஆகும், லாரி காத்திருக்காது" என்றார்கள். வீடியோ கேட்டேன். பத்து வினாடி வந்தது: தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறது, ஒரு சிறுவன் முதுகில் உட்கார்ந்திருக்கிறான். பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. அதன் பிறகு ஏற்றிவர ஆளுக்கு 350. நேரடியாக நம் பண்ணைக்குக் கொண்டுபோகக் கூடாது, முப்பது நாள் தனியே வைக்க வேண்டும் என்றார்கள். அது உண்மைதான். "எங்களுக்குத் தெரிந்த இடம் இருக்கிறது, ஒரு நாளைக்கு 20 டாலர்" என்றார்கள். அந்த இடம் பட்டிக்காரரின் மைத்துனருடையது என்பதும், எங்கள் குதிரைக்குப் பக்கத்துக் கொட்டடியில் ஏற்கெனவே மூக்கொழுகும் குதிரை ஒன்று நின்றது என்பதும் பிறகு தெரிந்தது.

மகள் அதற்கு வெல்லம் என்று பேர் வைத்தாள்.

பரம சாதுவான வெல்லம் மூன்றாம் நாள் உதைத்தது. வீடியோவில் நாங்கள் கண்ட அந்தச் சாந்தம் ஊசியில் வந்தது என்கிறார் மருத்துவர். அது நிரூபிக்க முடியாத விஷயம், மருந்து உடம்பைவிட்டுப் போயிருந்தது. ஒன்பதாம் நாள் காய்ச்சல், மூக்கில் சீழ், தாடைக்கு அடியில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. ஸ்ட்ராங்கிள்ஸ். பாக்டீரியாவால் வரும் தொற்று. வாளி, கயிறு, நம் கை, சட்டை எல்லாவற்றிலும் தொற்றிக்கொண்டு போகும். வெளியே குணமான பின்னும் சில குதிரைகள் தொண்டைப் பையில் கிருமியைச் சுமந்துகொண்டே திரியும். மகள் வகுப்புக்குப் போகும் பண்ணையில் அப்போது இருபத்திரண்டு குதிரைகள். முதல் வாரமே வெல்லத்தை அங்கே கொண்டுபோய்விடலாமா என்று நான் கெஞ்சினேன். பண்ணைக்கார அம்மாள் கறாராக மாட்டேன் என்றுவிட்டார். அவர் மட்டும் இளகியிருந்தால் இன்றைக்கு இந்தப் பதிவை நான் எழுதியிருக்க மாட்டேன், என்மேல் வேறு யாராவது எழுதியிருப்பார்கள். கட்டி உடைந்து ஆறி, தொண்டைப் பையைக் கழுவி எடுத்த நீரில் பிசிஆர் சோதனை சுத்தம் என்று வரும்வரை அறுபது நாள் ஆயிற்று.

காய்ச்சல் அடங்கியபின் மருத்துவர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். "பன்னிரண்டா? இருபத்திரண்டுக்குக் குறையாது" என்றார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நான் காசு கொடுத்து வாங்கிய குதிரையையே பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை. முன்னங்கால் எக்ஸ்ரேயில் இரண்டு குளம்புக்குள்ளும் எலும்பு திரும்பியிருந்தது. லாமினைட்டிஸ் என்னும் குளம்பு அழற்சி, பழைய வியாதி. இனி அதன் முதுகில் யாரும் ஏற முடியாது. குதிரையோடு வந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். காகின்ஸ் என்று சொல்வார்கள், குதிரைகளின் தொற்று ரத்தசோகைக்கான சோதனை. அதில் குதிரையின் அடையாளங்கள் இருக்க வேண்டும். எங்களுக்கு வந்த சீட்டில் பின்னங்கால் ஒன்று முழங்கால்வரை வெள்ளை. வெல்லத்துக்கு நாலு காலும் ஒரே நிறம். வேறு ஏதோ குதிரையின் சீட்டு.

கேட்டதற்கு வந்த பதில்: "உள்ளது உள்ளபடி விற்றோம். பணம் திரும்பாது. ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறீர்கள், சந்தோஷப்படுங்கள்." குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்று பாட்டி சொல்வாள். பாவம், இதில் குதிரைமேல் ஒரு தப்பும் இல்லை. வங்கி கைவிரித்தது, நானே அனுப்பிய பணம் என்பதால். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். எண் ஒன்று வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பணம் போனதைவிட என்னை உறுத்துவது வேறு. வெல்லத்தை ஏற்றிவந்த டிரைவர் ஒரு வயசாளி. நாற்பது வருடமாகக் குதிரை ஏற்றுகிறவர். அறுபது நாள் முடிந்து பண்ணைக்கு மாற்றும்போதும் அவரையே கூப்பிட்டேன். அப்போதுதான் பேச்சுவாக்கில் சொன்னார். அவர் முதல் முறை அந்தப் பட்டிக்குப் போனது திங்கட்கிழமை. வெள்ளியோடு கெடு முடிந்தது என்று படம் போட்டிருந்த குதிரைகள் எல்லாம் அங்கேயே நின்றனவாம். லாரியும் இல்லை, ஒன்றும் இல்லை. அதற்கு முந்தைய வார ஏலத்திலும் அவர் இருந்திருக்கிறார். வெல்லம் 385 டாலருக்குப் போனது. 360 வரைக்கும் எதிர்த்துக் கேட்டது யார் தெரியுமா? புல்வெளியில் துணைக்கு ஒரு கிழட்டுக் குதிரை தேடி வந்த ஒரு விவசாயக் குடும்பம்.

இதை மெதுவாக யோசித்துப் பாருங்கள். நான் தலையிடாமல் இருந்திருந்தால் அந்தக் குதிரைக்கு வீடு கிடைத்திருக்கும். நான் என்றால் நான் மட்டும் இல்லை, என்னைப் போல் 1,250 கொடுக்க ஆள் இருக்கிறது என்ற தெம்பில்தான் பட்டிக்காரர் அந்தக் குடும்பத்தைவிட அதிகம் கேட்டார். அடிமாட்டு விலை என்று நாம் சொல்வோமே, அந்த விலைக்கு வாங்கி மூன்று மடங்குக்கு என் தலையில் கட்டியிருக்கிறார். மிச்சம் 865 டாலரை எடுத்துக்கொண்டு அடுத்த திங்கட்கிழமை ஏலத்துக்குப் போயிருப்பார். இரண்டு குதிரை வாங்கியிருப்பார்.

இப்போது நான் இந்தப் பதிவுகளைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. இரண்டு கண்ணும் தெரியாத குதிரை, மூன்று மாதக் குட்டி, இன்றோ நாளையோ ஈனப்போகும் பெண்குதிரை, மூன்று காலில் நொண்டுவது, இவையெல்லாம் லாரி ஏறப்போகின்றன என்று எழுதுவார்கள். அப்படிப்பட்டவற்றை அறுப்புக்கு ஏற்றிப் போகவே மத்திய விதிகளில் இடமில்லை. பயணத்துக்குத் தகுதியானது என்று அனுப்புகிறவர் கையெழுத்திட்டுச் சான்றிதழ் தர வேண்டும், வேளாண் துறையின் தனி அட்டையை ஒட்ட வேண்டும். படத்தில் இடுப்பில் தெரிவது பெரும்பாலும் ஏலக்கூடத்து ஸ்டிக்கர். அதைப் பார்த்துத்தான் நாம் அழுகிறோம்.

அப்படியானால் காப்பாற்றவே கூடாதா என்று மகள் கேட்டாள். அவளுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் நம் கணக்கு. குதிரை இருபத்தைந்து, முப்பது வயதுவரை இருக்கும். நடுத்தரக் குதிரைக்கு நாளைக்கு ஏழு முதல் ஒன்பது கிலோ காய்ந்த புல் வேண்டும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் குளம்பு சீவ வேண்டும். எனக்கு இதுவரை 4,700 டாலர் போயிற்று, அதற்கு மேல் மாதம் 275. இதைப் பத்து வருடம் தாங்க முடியாது என்றால் வாங்காதீர்கள், அழுதாலும் வாங்காதீர்கள். தாங்க முடியும் என்றால் குதிரை தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு அந்தத் திங்கட்கிழமை ஏலத்துக்கே போங்கள். அந்த 360 டாலர் குடும்பம் செய்ததுதான் சரி. அல்லது ஒழுங்கான மீட்பு இல்லத்திலிருந்து எடுங்கள். வருமான வரித் துறையின் தளத்தில் தொண்டு நிறுவனம் என்று அதன் பெயர் இருக்கிறதா, ஆண்டுக் கணக்கைக் கேட்டால் காட்டுகிறார்களா, முன்கூட்டியே நேரில் வந்து பார்க்க விடுகிறார்களா என்று பாருங்கள். ஒழுங்கான இல்லத்துக்காரர் நம்மைத்தான் ஆயிரம் கேள்வி கேட்பார். புல் எங்கே, கொட்டகை எங்கே, மருத்துவர் யார் என்று குடைவார். பட்டிக்காரர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, பணம் எப்போது வரும் என்று.

நோயில் துடிக்கும் கிழக் குதிரையை மருத்துவரை வைத்து ஊசி போட்டு அமைதியாக அனுப்புவதும் காப்பாற்றுவதில் சேர்த்திதான். இதைச் சொன்னால் நம்மவர்கள் பலருக்கு மனசு ஒப்பாது. எனக்கும் ஒப்பவில்லை. வெல்லத்துக்கு அந்தப் பேச்சு வந்தபோது சிறப்பு லாடம் போட்டுப் பார்க்கலாம் என்றார் மருத்துவர், தப்பித்தோம். இப்போது மெதுவாக நடக்கிறது. மகள் அதன்மேல் ஏறுவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டுக் குதிரைக்காகக் காத்திருக்கிறீர்களா? விளம்பரத்தையும் பேசிய மெசேஜையும் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு அழித்துவிடுவார்கள். கார்டில் கட்டியிருந்தால் இன்றே வங்கிக்குப் போன் செய்யுங்கள். தனியே வைக்கும் இடத்தை நீங்களே தேடுங்கள், அவர்கள் காட்டும் இடம் வேண்டாம். குதிரை எலும்பும் தோலுமாக வந்து இறங்கினால், குதிரை என்றதும் நமக்குக் கொள்ளுதான் ஞாபகம் வரும், பாவம் பசிக்கிறதே என்று தானியத்தை வாளி வாளியாக வைத்துவிடாதீர்கள். பட்டினி கிடந்த உடம்பு அதைத் தாங்காது, செத்தே போகலாம். மருத்துவர் வரும்வரை தண்ணீர், பிறகு அவர் சொல்லும் அளவில் குதிரை மசால் புல், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, கொஞ்சம் கொஞ்சமாக.