ரிகம்பன்ட் ட்ரைக்கில் இருட்டு ஓட்டம்: ஜாக்கெட்டை விடுங்கள், சீட்டின் முதுகைப் பாருங்கள்

பளிச்சென்ற மஞ்சள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ரிகம்பன்ட் ட்ரைக்கில், அதாவது சாய்ந்து உட்கார்ந்து கால் முன்னால் நீட்டி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளில், ஏறிச் சாய்ந்தால், பின்னால் வரும் காரோட்டிக்கு அந்த ஜாக்கெட் ஒரு சாண்கூடத் தெரியாது. முதுகு முழுக்க சீட்டுக்குள் போய்விடும். தெரிவது கறுப்பு வலைத்துணி, அதற்குமேல் ஒரு ஹெல்மெட், அவ்வளவுதான். சாதாரண சைக்கிளில் பழகியவர்கள் ட்ரைக்குக்கு மாறும்போது செய்கிற முதல் வீண்செலவு இந்த ஜாக்கெட்தான். இரண்டாவது, இருட்டுக்கென்று வாங்கும் உயரமான கொடி. அதைப் பின்னால் பார்ப்போம்.

இங்கே பேசுவது முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று இருக்கும் டாட்போல் வகை. இங்கிலாந்தின் ஃபால்மத் ஊரில் ஐஸ் நிறுவனம் செய்கிற வண்டிகள், ஜெர்மனியின் ஹெச்பி வெலோடெக்னிக் ஸ்கார்ப்பியன், அமெரிக்காவின் கேட்ரைக் எல்லாம் இந்த வகைதான். ஓட்டும் இடம் இங்கிலாந்தின் கிராமச் சாலைகள்: இருபுறமும் வேலிப்புதர், தெருவிளக்கு கிடையாது, கார்களுக்கு மணிக்கு 60 மைல் வரை அனுமதி. டிசம்பரில் லண்டன் பக்கம் மாலை நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். மதியம் சும்மா சுற்றிவரக் கிளம்பினாலும் திரும்பும்போது இருட்டுதான். அந்த நாட்டு நெடுஞ்சாலை விதிநூல் கணக்கின்படி 60 மைல் வேகத்தில் வரும் கார் நிற்க 73 மீட்டர் வேண்டும். அந்தத் தூரத்துக்கு முன்பே ‘ஏதோ தெரிகிறது’ என்பது மட்டும் போதாது, ‘மெதுவாகப் போகும் ஒரு ஆள்’ என்று புரியவேண்டும். ட்ரைக்கின் சிக்கலே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

சைக்கிளில் போகிறவரைப் பின்னாலிருந்து பார்த்தால் கணுக்காலும் முழங்காலும் மேலும் கீழும் போய்வரும். இருட்டில் அந்த இடங்களில் ரிஃப்ளெக்டிவ் பட்டை இருந்தால், மற்ற எதுவும் தெரியாவிட்டாலும் ‘மனிதர்’ என்று மூளை உடனே பிடித்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜோன் வுட், அமெரிக்காவின் கிளெம்சனில் ரிச்சர்ட் டிரெல் ஆகியோரின் ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ட்ரைக்கில் கால் முன்னால் நீட்டியிருப்பதால் பின்னாலிருந்து அந்த அசைவு அறவே தெரியாது. ஆனால் எதிரே வருபவருக்கு இரண்டு பாதங்களும் நேர் முன்னால் சுழலும். அதனால் கணுக்கால் பட்டையை வாங்கத்தான் வேண்டும், ஆனால் அது முன்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் மட்டுமே உதவும். பின்பக்கத்துக்கு வேறு வழி பார்க்கவேண்டும்.

அந்த வழி சீட்டின் முதுகு. 5 செ.மீ. அகல சிவப்பு ரிஃப்ளெக்டிவ் டேப் ஒன்றரை மீட்டர் வாங்கினால் போதும். சீட் சட்டத்தின் இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழாக ஆளுக்கு 55, 60 செ.மீ., தலைப்பக்கம் குறுக்கே ஒரு துண்டு. கவிழ்த்து வைத்த ‘ப’ மாதிரி வரும். சட்டக் குழாய் மெல்லியதாக இருப்பதால், தேன்கூடு வடிவம் தெரிகிற தடித்த பிரிஸ்ம் டேப் வளைவில் நிற்காது. இரண்டு மாதத்தில் ஓரம் எழும்பி, உள்ளே தண்ணீர் போய்ச் செத்துவிடும். குழாய்க்கு மெல்லிய கண்ணாடிமணி டேப், மட்கார்டு, பெட்டி போன்ற தட்டையான இடத்துக்கு பிரிஸ்ம் டேப் என்று பிரித்துக்கொள்வது நல்லது. ஒட்டும்முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, விரல் படாமல் ஒட்டவேண்டும். சீட்டின் பின்னால் பை மாட்டுபவர்கள் டேப்பைச் சட்டத்தில் ஒட்டிவிட்டு அதன்மேலேயே பையைத் தொங்கவிடுவதும் நடக்கும். பை மறைத்தால் பைக்கும் ஒட்டுங்கள். நிறத்தில் இந்த ஒழுங்கு சாலைவிதிக்கும் பொருந்தும்: பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள், முன்னால் வெள்ளை.

தாழ்வாக இருப்பது எப்போதும் கெடுதல் இல்லை. லோ பீமில் வரும் காரின் வெளிச்சம் சாலையை ஒட்டித்தான் விழுகிறது. தரையிலிருந்து 30 முதல் 80 செ.மீ. உயரத்தில் உள்ள டேப் அந்த வெளிச்சத்தின் நடுவில் மாட்டும். இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் லோ பீம் இடது ஓரத்தை நோக்கிச் சற்றே தூக்கி அடிக்கும். ட்ரைக் போவதும் அதே ஓரத்தில்தான். ஒன்றரை மீட்டர் கம்பத்தின் உச்சியில் ஆடும் கொடிக்கு இந்த அதிர்ஷ்டம் கிடையாது. அதில் எவ்வளவு நல்ல ரிஃப்ளெக்டிவ் துணி தைத்திருந்தாலும், லோ பீம் அங்கே எட்டாது. கொடி பகல் சாமான். நிறுத்திய கார்களின் கூரைக்குமேல் தெரிவதற்காகவும், சிக்னலில் பக்கத்து வேனின் ஜன்னலுக்குக் கீழே தொலைந்துபோகாமல் இருப்பதற்காகவும் அது வேண்டும். இருட்டில் அதை நம்பக்கூடாது. ஃபுளோரசன்ட் மஞ்சளும் அப்படியே. அந்த நிறம் பளபளப்பது சூரியனின் புறஊதாக் கதிரால். விளக்கு வெளிச்சத்தில் அது வெறும் மஞ்சள்.

இனி விளக்கு. பின்னால் ஒன்று போதாது, மூன்று வேண்டும் என்பது எங்கள் கட்சி. ஆனால் வைக்கும் விதத்தில் ஒரு பொறி இருக்கிறது. அகலம் காட்டுகிறேன் என்று ஒரே மாதிரியான இரண்டு சிவப்பு விளக்குகளை ஒரே உயரத்தில் 70 செ.மீ. இடைவெளியில் வைத்தால், பார்ப்பவர் அதை ட்ரைக்காகப் பார்ப்பதில்லை. தூரத்தில், தன் வேகத்திலேயே போகும் ஒரு காராகப் படித்துவிடுவார். பிரேக்கில் கால் வைக்கமாட்டார். அதனால் மூன்றையும் முக்கோணமாக்கி, பிரகாசத்தையும் வேறுபடுத்தவேண்டும். மேலே கழுத்துத் தாங்கியின் பின்னாலோ கேரியர் உச்சியிலோ நிலையாக எரியும் பெரிய விளக்கு. முன் மட்கார்டுகளின் பின்பக்கம் சின்னதாக இரண்டு, அதில் வலப்பக்கத்தது மட்டும் மினுக்கினால் போதும். டாட்போலின் முன் மட்கார்டை ஒரு பக்கக் கம்பிதான் தாங்குகிறது. கனமான விளக்கைத் தொங்கவிட்டால் குண்டு குழியில் ஆடி ஆடி, தாங்கியின் வளைவில் விரிசல் விழும். அங்கே முப்பது நாற்பது கிராமுக்குமேல் எதையும் ஏற்றாதீர்கள்.

பிரிட்டிஷ் சட்டப்படி பின்விளக்கு தரையிலிருந்து 35 செ.மீ.க்குக் கீழே இருக்கக்கூடாது, 150 செ.மீ.க்கு மேலேயும் போகக்கூடாது. நடுவில் அல்லது வலப்பக்கம் இருக்கவேண்டும். 20 அங்குலப் பின்சக்கரத்தின் அச்சு தரையிலிருந்து சுமார் 25 செ.மீ.தான், ஆகவே அச்சருகே மாட்டிய விளக்கு கணக்கில் சேராது. பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டர் 25 முதல் 90 செ.மீ.க்குள். மினுக்கும் விளக்கு அங்கே 2005 முதல் அனுமதி, நிமிடத்துக்கு 60 முதல் 240 தடவைக்குள். ஜெர்மனியில் சைக்கிள் விளக்கு மினுக்கவே கூடாது. பெடல் ரிஃப்ளெக்டர் விதிதான் ட்ரைக்காரர்களின் நிரந்தரச் சிரிப்பு. 1985 அக்டோபருக்குப் பின் செய்த சைக்கிள் எதற்கும் பெடலில் ஆம்பர் ரிஃப்ளெக்டர் வேண்டும் என்கிறது பிரிட்டிஷ் சட்டம். சாய்ந்து ஓட்டும்போது பெடல் நிமிர்ந்து நிற்பதால், அந்த ரிஃப்ளெக்டரில் ஒன்று வானத்தைப் பார்க்கும், மற்றது தாரைப் பார்க்கும். மாட்டிவிட்டு மறந்துவிடுங்கள்.

முன்விளக்கு பூம் முனையில் (பெடலைத் தாங்கி முன்னால் நீளும் குழாய்தான் பூம்), பெடலுக்கு முன்னால் இருக்கவேண்டும். வேறெங்கு வைத்தாலும் காலின் நிழல் சாலையில் ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொரு பயனும் உண்டு. ட்ரைக்கில் பாதம் கண்ணுக்கு ஒரு மீட்டர் முன்னால் போகிறது. புதர் மறைத்த சந்திப்பில் சாலையைப் பார்க்கவேண்டுமென்றால், முதலில் காலைச் சாலைக்குள் நீட்டியாகவேண்டும். பூம் விளக்கின் வெளிச்சம் நமக்கு முன்னால் போய்த் தகவல் சொல்லிவிடும்.

உயரம் குறைவு என்பதால் கோணம் மிக நுணுக்கமானது. 90 செ.மீ. உயரத்தில் உள்ள சைக்கிள் விளக்கு 15 மீட்டரில் சாலையைத் தொட 3.4 டிகிரி சாயவேண்டும், 45 செ.மீ. உயரப் பூம் விளக்குக்கு 1.7 டிகிரியே போதும். அரை டிகிரி தவறினால் அந்த 15 மீட்டர், கீழே போனால் 12 ஆகும், மேலே போனால் 21 ஆகும். கையால் குத்துமதிப்பாகத் திருப்பி வைப்பது சரிவராது. ஜெர்மன் தரமுத்திரையான கே எண் உள்ள, மேல்விளிம்பு வெட்டிய ஒளிக்கற்றை விளக்கை வாங்குங்கள். சமதரையில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, நீங்கள் சீட்டில் உட்கார்ந்து, வழக்கமான சாமானையும் ஏற்றி, வெளிச்சத்தின் மேல்கோடு விளக்கின் உயரத்தைவிட 5 செ.மீ. கீழே விழும்படி முறுக்குங்கள். 45 செ.மீ. உயரத்தில் அது 45 மீட்டர் வரை போகும். ஆள் உட்காராமல் சரிசெய்தால், பின் சஸ்பென்ஷன் அமுங்கியதும் பூம் மேலே தூக்கி, எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். வட்டமாகப் பரவும் டார்ச் வகை விளக்கை இவ்வளவு தாழ்வில் வைத்தால் எப்படித் திருப்பினாலும் தொல்லைதான். கால்வாய்ப் பாதையில் நாயோடு நடப்பவர்கள் உங்களைத் திட்டுவது நியாயமே. தாழ்ந்த வெளிச்சத்தில் நிழல் நீள்வதால் சின்ன மேடும் பெரிய பள்ளமாகத் தெரியும். நாலு இரவில் கண் பழகிவிடும். பழகாதது ஒன்று: பூம் திரும்பாது. குறுகிய வளைவில் சக்கரம் திரும்பும், வெளிச்சம் நேரே வேலிக்குள் போகும். வேகத்தைக் குறைப்பது தவிர வேறு வைத்தியம் இல்லை.

ஓட்டுபவரின் கண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். ட்ரைக்கில் கண் தரையிலிருந்து சுமார் 80 செ.மீ.; பெரிய எஸ்யூவியின் ஹெட்லைட் அதைவிட உயரத்தில் இருக்கும். அதாவது எதிர்வண்டி லோ பீமிலேயே வந்தாலும் அதன் பிரகாசமான பகுதிக்குள் நம் கண் இருக்கிறது. ஹெல்மெட்டுக்குள் விளிம்புத் தொப்பி போட்டு, வண்டி நெருங்கும்போது தலையை இரண்டு விரல் தாழ்த்தி, இடது ஓரக்கோட்டைப் பார்ப்பதே பழகிய உத்தி. கூட்டமாகப் போகும்போது இதே விதி நமக்கும் பொருந்தும். முன்னால் போகும் ட்ரைக்கின் பின்விளக்கு பின்னால் வருபவரின் கண்ணுக்கு நேர். மினுக்கை அணைத்து, குறைந்த நிலையான ஒளியில் விடுவது மரியாதை.

மின்சாரத்துக்கு ஹப் டைனமோ சொகுசு. டைனமோ என்றதும் டயரில் உரசி உறுமும் பழைய குப்பி ஞாபகம் வந்தால் மறந்துவிடுங்கள். இது சக்கர மையத்துக்குள்ளேயே இருக்கிறது, 6 வோல்ட் 3 வாட். ஜெர்மனியின் டியூபிங்கனில் உள்ள ஷ்மிட் நிறுவனம் ட்ரைக்கின் ஒருபக்க அச்சுக்கென்றே சான் ஹப் செய்கிறது. விலை கடிக்கும். குளிர்காலம் முழுக்க வாரத்தில் நாலு இரவு ஓட்டுபவருக்கு மட்டுமே அது தகும். மாதம் இருமுறை போகிறவருக்கு யூஎஸ்பி விளக்கே போதும். எதை வாங்கினாலும் பின்விளக்குகள் எல்லாவற்றையும் ஒரே மூலத்தில் கட்டாதீர்கள். ஒன்று டைனமோவில் அல்லது பெரிய பேட்டரியில், மற்றது தனி. காரணம், ட்ரைக்கில் திரும்பிப் பார்த்தாலும் சீட்டுக்குப் பின்னால் உள்ள விளக்கு தெரியாது. அது அணைந்துவிட்டதை நீங்கள்தான் கடைசியில் அறிவீர்கள். பின்பார்வைக் கண்ணாடியில் பின்னால் தார்மேல் விழும் சிவப்புப் படலத்தைப் பார்ப்பது ஒரு பழக்கமாகவேண்டும்.

கெடுவது எப்போதும் சில்லறைச் சாமான்தான். தாழ்வான விளக்கின்மேல் பின்சக்கரம் வாரி அடிக்கும் சேறு, மழைநாளில் ஒரு மணி நேரத்திலேயே கண்ணாடியைச் சாம்பலாக்கிவிடும். பின் மட்கார்டு இல்லாமல் குளிர்காலத்தில் ஓட்டவேண்டாம். உறைபனிக்குத் தூவும் உப்பு வயர் முனைகளைப் பச்சையாக அரிக்கும்; ஒவ்வொரு இணைப்பிலும் மின்காப்பு கிரீஸ் ஒரு பொட்டு. மடக்கும் வண்டியில் கீல் அருகே வயருக்கு ஒரு விரல்கடை தளர்வு விடாவிட்டால், மேலுறை நன்றாகவே இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். இந்தக் கோளாறு விளக்கை விட்டுவிட்டு எரியவைப்பதால், பழியெல்லாம் விளக்கின்மேல் விழும். ரிஃப்ளெக்டிவ் துணி மழையில் நனைந்தால் மங்கும். துவைக்கத் துவைக்கவும் தேயும்.

பக்கவாட்டுக்குச் செலவு குறைவு. ரிஃப்ளெக்டிவ் கோடு ஓடும் டயர்கள், அல்லது கம்பிக்கு ஒன்றாகச் சொருகும் ரிஃப்ளெக்டிவ் குழல்கள், மூன்று சக்கரத்துக்கும். சுழலும் வட்டத்தை யாரும் வேறெதாகவும் படிக்கமாட்டார்கள்.

கார்மின் வேரியா போன்ற ரேடார் விளக்குகள் 140 மீட்டர் வரை பின்னால் வரும் வண்டியைச் சொல்லும். கேரியரில் செங்குத்தாக, பை மறைக்காதபடி மாட்டினால் ட்ரைக்கிலும் நன்றாக வேலை செய்யும். ஆனால் உங்கள் வேகத்துக்கே இறங்கி ஒட்டிக்கொண்டு வரும் கார் அதன் திரையிலிருந்து மறைந்துவிடும். திரை காலி என்று நடுச்சாலைக்கு நகர்வதற்குமுன் கண்ணாடியைப் பாருங்கள்.

டேப் ஒட்டி முடித்ததும் சோதனை செய்ய கார் தேவையில்லை. இருட்டான இடத்தில் வண்டியிலிருந்து 20 மீட்டர் பின்னால் நின்று, ஒரு டார்ச்சைக் கழுத்தருகே பிடித்து அடியுங்கள். 60 மீட்டரில் வரும் காரோட்டி பார்ப்பது ஏறக்குறைய அதுதான். பிறகு டார்ச்சை இடுப்புக்கு இறக்குங்கள். அது லாரி ஓட்டுநர். அவர் கண் ஹெட்லைட்டிலிருந்து வெகு உயரத்தில் இருப்பதால், திரும்பி வரும் வெளிச்சம் பெரும்பாலும் அவருக்குக் கீழேயே நின்றுவிடும். கழுத்தில் பளிச்சென்று தெரிந்த பட்டை இடுப்பில் மங்கிப்போனால், அங்கே இன்னொரு டேப்பை ஒட்டிப் பயனில்லை, விளக்கைத்தான் கூட்டவேண்டும்.