கோழிக்கு ‘மண் குளியல் பொடி’ ஆன்லைனில் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

வீட்டில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களைக் குறிவைத்து ‘மண் குளியல் பொடி’ என்று ஒரு வெள்ளைப் பொடியை ஆன்லைனில் விற்கிறார்கள். பேன், செள்ளு எல்லாம் போய்விடும், குஞ்சுக்கும் போடலாம், முழுக்க இயற்கை என்று விளம்பரம். எனக்கு வந்த பாக்கெட்டில் இருந்தது சுண்ணாம்பு. அதில் புரண்ட குஞ்சுகளில் ஒன்றுக்கு ஒரு கண் போய்விட்டது.

நாங்கள் இருப்பது வாடகை வீடு, முற்றம் முழுக்க சிமெண்ட். கோழிக்கோ மண்ணில் புரண்டே ஆக வேண்டும். இறகுக்குள் ஏறும் புழுதி எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்சிவிடும், எழுந்து உதறும்போது பேனும் சேர்ந்து உதிரும். மண் கிடைக்காத கோழி தீவனத் தட்டில் படுத்தாவது புரளப் பார்க்கும். எங்கள் சிறுவிடை (சின்ன உருவ நாட்டுக்கோழி) பெட்டை குஞ்சு பொரித்திருந்த நேரம், அதன் பின்பக்க இறகுகளின் அடியில் ஈர் கொத்துக் கொத்தாக அப்பியிருந்தது. அதனால்தான் பொடியைத் தேடினேன்.

விற்றவரிடம் போனில் கேட்டுத்தான் வாங்கினேன். “அக்கா, இது டயட்டமேசியஸ் எர்த், ஃபுட் கிரேடு. கோழி தின்னாலும் ஒண்ணும் ஆகாது” என்றார். டயட்டமேசியஸ் எர்த் என்பது நுண்ணிய பாசிகளின் ஓடுகள் படிந்து உண்டான மண்ணின் பொடி. சின்னக் குஞ்சு இருக்கிறதே என்றதற்கு, “தாராளமா போடுங்கக்கா” என்றார். கிலோ 350 ரூபாய். வந்தது ஒரு பிளாஸ்டிக் கவர், மேலே கோழிப் படம் போட்ட ஸ்டிக்கர். தயாரித்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, தேதி இல்லை.

மணலோடு கலந்து தொட்டியில் போட்டதும் தாய்க்கோழி இறங்கியது, பின்னாலேயே குஞ்சுகளும் இறங்கின. சாயங்காலம் கோழியை மூடிவைக்கும் பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்தால் குஞ்சுகள் தும்மிக்கொண்டு, இமை ஒட்டிப்போய், தலையைத் தோளில் தேய்த்துக்கொண்டிருந்தன. கால் விரல் இடுக்கெல்லாம் சிவந்திருந்தது.

கால்நடை மருந்தக டாக்டர் பொடியை விரலில் தேய்த்துப் பார்த்ததுமே, “சுண்ணாம்பு மாதிரி இருக்கேம்மா” என்றார். வீட்டுக்கு வந்து மஞ்சள் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டேன். ஆரத்தித் தட்டு மாதிரி சிவந்துவிட்டது. நீற்றுச் சுண்ணாம்பு ஈரத்தில் பட்டால் கடுமையான காரம் (ஆல்கலி). கண்ணிலும் மூக்கிலும் எப்போதும் ஈரம் இருக்கிறது, அங்கேதான் அரித்துப் புண்ணாக்கும். உங்கள் கோழிக்கு இப்படி ஆனால் முதலில் உலர்ந்த துணியால் பொடியைத் தட்டிவிடுங்கள். அப்புறம் நிறைய சுத்தமான தண்ணீரை விட்டுக் கழுவி, கண்ணில் பட்டிருந்தால் உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

விற்றவரிடம் சொன்னதற்கு, “உங்க குஞ்சுக்கு முன்னாடியே சளி இருந்திருக்கும்” என்றார். மஞ்சள் தண்ணீர் வீடியோவை அனுப்பினேன். பிளாக் செய்துவிட்டார். பாக்கெட், பணம் கட்டிய ரசீது, பேசிய மெசேஜ் எல்லாவற்றையும் வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, எடை, விலை எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். அது இல்லாத எதையும் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கியிருந்தால் மஞ்சள் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சிவந்தால் வேண்டாம். (விறகுச் சாம்பல் கலந்திருந்தாலும் சிவக்கும்.) இன்னொரு சிட்டிகையில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். பொங்கி நுரைத்தால் அது பெரும்பாலும் பளிங்குக்கல் பொடியோ சுண்ணாம்புக்கல் பொடியோதான். அசல் டயட்டமேசியஸ் எர்த் சிவக்கவும் செய்யாது, நுரைக்கவும் செய்யாது. அசலிலும் நீச்சல்குள ஃபில்டருக்குச் சுட்டுத் தயாரிக்கும் வகை ஒன்று உண்டு. அதைக் கோழிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது, அதிலுள்ள படிக வடிவச் சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். நல்ல வகையையும் மூடிய கூண்டுக்குள் தூவாதீர்கள், அந்தத் தூசு கோழிக்கும் ஆகாது, தூவுகிற நமக்கும் ஆகாது.

இதற்குப் போய் 350 ரூபாய் கொடுக்கவே வேண்டாம். இப்போது எங்கள் வீட்டில் பழைய டயருக்குள் அரை அடி ஆழத்துக்குச் செம்மண்ணும் ஆற்றுமணலும், சலித்த விறகுச் சாம்பல் கொஞ்சமும், காய்ந்த வேப்பிலைத் தூளும். பெயிண்ட் அடித்த மரத்தையோ பிளாஸ்டிக்கையோ எரித்த சாம்பல் கூடாது. மழை படாத இடமாக வேண்டும், ஈரமான சாம்பலும் காரம்தான். குஞ்சுகளுக்குத் தனியாக ஒரு தட்டில் ஒரு அங்குலம் உலர்ந்த மணல் மட்டும், வேறு எதுவும் கலப்பதில்லை. பிறந்த சில நாளிலேயே அதில் புரள ஆரம்பித்துவிடும். ஒன்று மட்டும், பகலில் கூண்டு இடுக்கில் ஒளிந்திருந்து ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும் சிவப்புச் செள்ளு மண் குளியலுக்கு மசியாது. அதற்குக் கூண்டைத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

பணம் இன்னும் திரும்பி வரவில்லை. அதே ஆள் அதே கவரில் வேறு ஸ்டிக்கர் ஒட்டி, ‘குஞ்சு ஸ்பெஷல்’ என்று இப்போதும் விற்றுக்கொண்டிருக்கிறார்.