999 ரூபாய்க்கு ஒரு வருஷம் எல்லா ஓடிடியும்: வாங்கி ஏமாந்தவள் எழுதுகிறேன்

நேற்று ராத்திரி எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் அதே விளம்பரம். கறுப்புப் பின்னணி, பதினாலு ஓடிடிகளின் சின்னங்கள், நடுவில் மஞ்சள் எழுத்தில் "ஒரு வருஷம் 899 மட்டும்". 2024 ஆடியில் நான் வாங்கினபோது 999. ஆள் நூறு ரூபாய் தள்ளுபடி பண்ணியிருக்கிறான். அனுப்பியது எனக்குத் தெரிந்த அக்காதான், நல்ல எண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார். குழுவில் நாலு வரி எழுதினால் விடிந்ததும் குட்மார்னிங் பூக்களுக்கு அடியில் போய்விடும். அதனால் இங்கே முழுசாக.

நாங்கள் இருப்பது புதுச்சேரி லாஸ்பேட்டையில். வீட்டுக்காரருக்கு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை, பையன் அப்போது பத்தாவது. மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து கூடத்துக் கட்டிலே கதி என்று இருந்தார். அவருக்கு ஒரு ஓடிடியில் பழைய படம், பையனுக்கு இன்னொன்றில் கிரிக்கெட், எனக்கு ராத்திரி பாத்திரம் துலக்கிய பிறகு பார்க்க ஏதாவது ஒரு மலையாளப் படம். எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும் என்றால் தலை சுற்றியது. நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் விலையைக் குறைத்தபோது வைத்த கணக்கே போனுக்கு மட்டும் 149, ஒரு திரைக்கு 199, ரெண்டு திரைக்கு 499, நாலு திரைக்கு 649. இது மாசத்துக்கு. அமேசான் பிரைம் அப்போது வருஷத்துக்கு 1,499. இதற்கு நடுவில் எல்லாமும் சேர்த்து வருஷத்துக்கு 999 என்றால், மாசம் 83 ரூபாய். கை பரபரத்துவிட்டது.

போன் போட்டேன். சின்னப் பையன் குரல், நல்ல மரியாதை. "இது ஒரிஜினல்தான்க்கா. மொத்தமா எடுத்துப் பிரிச்சுக் குடுக்குறோம், அதான் ரேட் கம்மி." க்யூஆர் அனுப்பினான். ஸ்கேன் பண்ணினால் திரையில் வந்த பெயர் ஒரு கோழிக்கடை.

"என்னப்பா, கோழிக்கடைன்னு வருது?"

"நம்ம மாமா கடைக்கா. கவலைப்படாம போடுங்க."

போட்டேன். அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே ஒரு அறை விடலாம் போலிருக்கும். படம் விற்கிறவனுக்குக் கோழிக்கடையில் என்ன வேலை என்று கேட்கத் தெரிந்த எனக்கு, பதில் வந்ததும் விரல் தானாக பின் நம்பர் போட்டது.

பத்து நிமிஷத்தில் ஐடியும் பாஸ்வேர்டும் வந்தன. கூடவே கட்டளை: மூணாவது புரொஃபைலில் மட்டும் பாருங்க, பேரை மாத்தாதீங்க, பாஸ்வேர்டைத் தொடாதீங்க. திறந்தால் ஒன்று முதல் அஞ்சு வரை நம்பர் போட்ட முகங்கள். லாட்ஜில் ரூம் எடுத்த மாதிரி.

முதல் வாரம் ஜோராகத்தான் ஓடியது. ரெண்டாவது வாரம் ஒருநாள் காலையில் மாமியார் கூப்பிட்டார். "ஏம்மா, நேத்து பாதியில நிறுத்திட்டுத் தூங்குனேனே, அந்தப் படம் கடைசி சீன்ல வந்து நிக்குது. யாரு பாத்து முடிச்சது?" பையனைத் திட்டினேன், அவன் சத்தியம் பண்ணினான். மறுநாள் பட்டியலில் நாங்கள் யாருமே தொடாத தெலுங்கு சீரியல் ஒன்று, ஏழாவது எபிசோட் வரைக்கும். அப்போதுதான் உறைத்தது. எங்கள் மூணாம் நம்பர் அறையில் வேறு யாரோவும் குடியிருக்கிறார்கள்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நெட்ஃபிளிக்ஸில் மாசம் 649 ரூபாய் கணக்கு ஒன்று, அதில் அஞ்சு புரொஃபைல். அஞ்சு பேருக்கு 999 வீதம் விற்றாலே 4,995. ஒரு புரொஃபைலை ரெண்டு பேர், மூணு பேருக்கு விற்றால் கேட்கவே வேண்டாம். ஒரே நேரத்தில் நாலு திரைதான் ஓடும் என்பதால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் "நிறைய பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று வந்து நின்றுவிடும். போதாததற்கு 2023 ஜூலையிலேயே நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவில் ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான் என்று சொல்லிவிட்டது. இந்த மாதிரி கணக்கு ஒரு வருஷம் ஓட வாய்ப்பே கிடையாது. அவனுக்கும் அது தெரியும். ஒரு மாசம் ஓடினால் அவனுக்கு லாபம்.

இருபத்தாறாம் நாள் பாஸ்வேர்டு தவறு என்று வந்தது. இதோடு போயிருந்தால் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன். 999 போனது போகட்டும், புத்திக்கொள்முதல் என்று விட்டிருப்பேன். நான் விடவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடு என்று நாலு நாள் விடாமல் மெசேஜ் போட்டேன். அவன் கோபப்படவே இல்லை. "சாரிக்கா, சர்வர் மாத்துறோம். புது ஆப் வந்திருக்கு, எல்லா ஓடிடியும் அதுலயே. வேணாம்னா அதுலயே ரீஃபண்டும் போட்டுக்கலாம்." போனில் நேராக ஆப்பை ஏற்றுகிற ஏபிகே ஃபைல் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

போன் எச்சரித்தது. ப்ளே ஸ்டோர் தவிர வெளியிலிருந்து வருகிற ஆப், ஆபத்தாக இருக்கலாம் என்று சிவப்பில் காட்டியது. "எல்லாருக்கும் அப்படித்தான்க்கா வரும், பரவால்லன்னு குடுங்க" என்றான். கொடுத்தேன். மெசேஜ் படிக்க அனுமதி கேட்டது, மெசேஜுக்கான முதன்மை ஆப்பாகத் தன்னை வைக்கவும் கேட்டது, ரெண்டையும் கொடுத்தேன். படம் பார்க்கிற ஆப்புக்கு என் எஸ்எம்எஸ் எதற்கு? ரீஃபண்ட் பக்கத்தில் கார்டு நம்பர், தேதி, பின்பக்கத்து மூணு எண்கள். பணம் போடுகிறவனுக்கு அந்த மூணு எண்கள் எதற்கு? இப்போது வரிசையாகக் கேட்கத் தோன்றுகிறது. அன்றைக்கு என் கண்ணில் தெரிந்தது 999 மட்டும்தான்.

அரை மணி நேரம் கழித்து வீட்டுக்காரர் ஷிப்டிலிருந்து கூப்பிட்டார். "என்ன வாங்குன நீ, பதினாலாயிரத்துக்கு?" கூட்டுக் கணக்கு என்பதால் அவர் போனுக்கும் தகவல் போயிருக்கிறது. 9,800 ஒருமுறை, ரெண்டு நிமிஷத்தில் 4,999 இன்னொரு முறை. என் போனில் ஒரு மெசேஜ்கூட இல்லை. ஓடிபி வந்திருக்கிறது, அந்த ஆப் படித்து அவனுக்கு அனுப்பிவிட்டு அழித்தும் இருக்கிறது. நான் யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை. சொல்லத் தேவையே இல்லாமல் பண்ணிவிட்டான்.

இங்கே மட்டும் கொஞ்சம் புத்தி வேலை செய்தது, அதுவும் வீட்டுக்காரர் புத்தி. என் போனில் நெட்டை அணைக்கச் சொன்னார், அதைத் தொடவே கூடாது என்றார். மாமியாரின் பட்டன் போனிலிருந்து முதலில் வங்கிக்குக் கூப்பிட்டு கார்டை முடக்கினேன், அடுத்து 1930. அது சைபர் குற்றப் பண மோசடிக்கான எண், தமிழ்நாட்டில் இருந்தாலும் புதுச்சேரியில் இருந்தாலும் அதே எண்தான். வங்கிக் கணக்கு எண், பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் எல்லாம் கேட்டார்கள். பாஸ்புக்கைத் தேடி எடுக்கவே எனக்கு அஞ்சு நிமிஷம் போனது. அந்த அஞ்சு நிமிஷமும் காசுதான், ஏனென்றால் பணம் அடுத்த கணக்கிலிருந்து வெளியேறுவதற்குள்தான் நிறுத்த முடியும். 4,999 நடுவழியில் நின்றது, பல மாசம் அலைந்து திரும்பி வந்தது. 9,800 போனது போனதுதான். வங்கியில் "கார்டு நம்பரையும் பின்னாடி இருக்க மூணு நம்பரையும் நீங்கதானே மேடம் டைப் பண்ணீங்க" என்றார்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதி அப்படித்தான்: நம் கவனக்குறைவால் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை போனது நம் தலையில், சொன்ன பிறகு போனால் வங்கி தலையில். அதனால் அழுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் போன்.

ஆன்லைனில் புகார் கொடுக்க cybercrime.gov.in என்ற அரசுத் தளம் இருக்கிறது. அதில் எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள்; 1930-இல் கூப்பிட்டாலே எங்கே, எப்படிப் புகாரைப் பதிவது என்று சொல்லிவிடுவார்கள். போலீஸிடம் எழுதிக் கொடுக்கும்போது எனக்கு நாக்கு கூசியது. நான் வாங்கியதும் நேர்மையான சரக்கு இல்லையே.

அந்தக் கூச்சம் புதுசும் இல்லை. மகாத்மா காந்தி சாலை சண்டே மார்க்கெட்டில் ஜெராக்ஸ் அட்டை போட்ட திருட்டு சிடி வாங்காத வீடு எங்கள் தெருவில் இருந்ததா என்ன? கேமரா பிரிண்ட்டில் யாரோ எழுந்து பாத்ரூம் போகிற தலை தெரியும், நாங்கள் சிரித்துக்கொண்டு பார்த்தோம். 2007-இல் மோசர் பேயர் கம்பெனி ஒரிஜினல் விசிடியை 28 ரூபாய்க்கே இறக்கியபோது, ஒரிஜினல் விலை கட்டுப்படியாகாது என்ற சாக்கும் போனது. தமிழ்நாட்டில் திருட்டு வீடியோக்காரர்களைக் குண்டர் சட்டத்தில் சேர்த்ததே 2004-இல். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மார்க்கெட்காரன் அதிகபட்சம் முப்பது ரூபாய்க்குத்தான் என்னை ஏமாற்ற முடியும். ஓடவில்லை என்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் நிற்பான், முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுப்பான். அவன் சிடி என் மெசேஜைப் படிக்காது. இன்றைய திருட்டுக்குப் படம் வெறும் தூண்டில்.

மாமனார் போகும் முன் சேர்த்து வைத்திருந்த ஒரிஜினல் டிவிடிகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. ஏமாந்த கையோடு பரணிலிருந்து இறக்கினோம். பிளேயரின் பின்பக்க பின்களில் கடல்காற்றுத் துரு. டிஸ்க்குகளில் சிலதில் பூஞ்சை. வீட்டுக்காரர் பழைய பனியன் துணியை நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தார். வட்டமாகத் துடைத்தால் கோடு விழுந்து அந்த இடத்தில் படம் திக்கும் என்பார். பாதி தேறியது. அந்த 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்ததே, அப்போது எங்கள் வீட்டில் கரண்ட் வந்த பிறகும் நெட் மூணு நாள் வரவில்லை. ரெயின்போ நகரில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து எங்களிடம் வந்திருந்த நாத்தனார் குடும்பம், நாங்கள், மாடி வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அந்த டின்னைத்தான் காலி பண்ணினோம்.

டிஸ்க்கே போதும் என்று சொல்ல மாட்டேன். புதுப்படம் டிஸ்க்கில் வருவது அருகிவிட்டது, பிளேயர் ரிப்பேர் பார்க்க ஆள் தேட வேண்டியிருக்கிறது. இப்போது நாங்கள் மாசத்துக்கு ஒரே ஒரு ஓடிடி, கம்பெனியின் சொந்த ஆப்பில் மட்டும். பணம் கட்டிய அன்றைக்கே ரத்து பண்ணிவிடுவேன், கட்டிய மாசம் முடியும் வரை ஓடும். அடுத்த மாசம் வேறொன்று. ரத்து பண்ண மறந்தாலும், தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. ஆனால் அந்த மெசேஜை நாம் பார்க்க வேண்டுமே. அதனால் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியை மாசம் ஒருமுறை திறந்து பார்க்கிறேன். முதல்தடவை பார்த்தபோது பையன் ரெண்டு ரூபாய் ட்ரயலுக்குப் போட்டு மறந்த ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தது.

நேரான வழியிலும் எரிச்சல் இருக்கிறது, மறைக்க மாட்டேன். காசு கட்டிய பிறகும் பிரைம் வீடியோவில் 2025 ஜூனிலிருந்து விளம்பரம் வருகிறது. போன மாசம் இருந்த படம் இந்த மாசம் இருக்காது. திட்டிக்கொண்டேதான் கட்டுகிறேன்.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போது மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து படிக்கச் சொன்னார். படித்தேன். திட்டுவார் என்று பார்த்தால், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஏம்மா, அந்தத் தெலுங்கு சீரியல் பாத்த ஆளு? அவங்களும் பாவம், நம்மள மாதிரி 999 குடுத்துதானே பாத்திருப்பாங்க. அவங்களுக்கும் ரீஃபண்டு தரேன்னு சொல்லியிருப்பானா?" என்றார்.