அல்சூரில் ஒரு டிரைவிங் ஸ்கூல்: 15 நாள் கணக்கு

மகனுக்கு ஜூனில் 18 முடிந்தது. மறுவாரமே எல்.எல்.ஆர். எடுத்து, பெங்களூரில் எங்கள் அல்சூர் மார்க்கெட் பக்கம் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்த்தேன். 15 நாள், தினம் அரை மணி நேரம், 7,000 ரூபாய். ஆர்.டி.ஓ. வேலையையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். குறையும் சொல்லப் போவதால் ஸ்கூல் பெயரைப் போடவில்லை.

முதலில் நல்லது. மாஸ்டர் திட்டவே மாட்டார். நான் கற்றுக்கொண்ட காலத்தில் தப்பு செய்தால் முட்டியில் ஸ்கேல் விழும். இவர் தமிழும் கன்னடமும் கலந்து “நிதானா, நிதானா, என்ன அவசரம் தம்பி” என்பதோடு சரி. ஆனால் கண்ணாடி பார்க்காமல் வண்டியை எடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுவார். அந்தப் பழக்கம் பையனுக்கு ஒட்டிக்கொண்டது. இப்போது ஆட்டோவில் போனாலும் பின்னால் எட்டிப் பார்க்கிறான்.

ஒன்பதாம் நாள் சும்மா பின்சீட்டில் ஏறிப் போனேன். பையன் ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் மாஸ்டரின் இடது செருப்பு இறங்கி ஏறியது. பயிற்சிக் காரில் அவர் பக்கமும் கிளச், பிரேக் இருக்கும். அது சட்டப்படி இருக்க வேண்டியதுதான். ஆபத்து என்றால் மிதிக்கட்டும். வகுப்பு முழுக்க அவரே மிதித்தால் ஓட்டியது யார்?

விடை தோம்லூர் மேம்பாலத்தில் கிடைத்தது. எங்கள் பழைய ஆல்டோவில் எல் போர்டு ஒட்டி, பக்கத்தில் நான் உட்கார, ஏற்றத்தில் மூன்று முறை வண்டி அணைந்தது. பின்னால் ஒரே ஹாரன். பையன் முகம் வெளுத்துவிட்டது. நான் வேறு கத்தித் தொலைத்தேன்.

மாடிவீட்டு மாமா பி.எம்.டி.சி. டவுன் பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். விஷயம் கேட்டதும், “நீ பக்கத்துல உட்காராதப்பா, ஞாயிற்றுக்கிழமை காலையில சாவியைக் குடு” என்றார். ஆறு மணிக்கே ஏரிக்கரைப் பக்கம் கூட்டிப்போய், ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளச்சை மட்டும் விட்டு வண்டியை நகர்த்த வைத்தார். ஒரு மணி நேரம் அதுவேதான். எதிர்வீட்டு அக்கா ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். மாலையில் அவர் முறை. நிற்கிற வண்டிகளுக்கு அடியில் பிள்ளைகளின் கால் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். 7,000 ரூபாயில் இது வரவில்லை.

போன வருஷம் இதே அக்காதான் ஸ்கூட்டரில் வந்த ஒன்பதாம் வகுப்புப் பையனை நிறுத்தி, சாவியை அவன் அம்மா கையில் கொடுத்தவர். சண்டைக்கு வந்தார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை என்று மாமா எடுத்துச் சொன்ன பிறகுதான் அடங்கினார்கள்.

ஸ்கூலுக்கு ஐந்துக்கு மூன்று. பொறுமைக்கு இரண்டு, கண்ணாடிக்கு ஒன்று. குறையை மாஸ்டரிடமே சொன்னேன். சிரித்துவிட்டு, “கிளச் பிளேட் போனா ஓனர் என்னைத்தானே கேட்பார் சார்” என்றார். அதுவும் நியாயம்தான்.

கீழ்வீட்டுப் பெண் அடுத்த மாதம் அங்கேதான் சேர்கிறாள். முதல் நாளே மாஸ்டரின் செருப்பைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறேன். மாமா ஞாயிற்றுக்கிழமையை இப்போதே ஒதுக்கிவிட்டார்.