கார்பன் தட்டு ஒட்டுற சூடு தாங்குற பேஸ்ட் - ஆறு மாசம் பார்த்துட்டு எழுதுறேன்

ராணிப்பேட்டை சிப்காட்ல சின்னதா ஹீட் ட்ரீட்மென்ட் (உலோக சாமானை சூடாக்கி பதப்படுத்துற வேலை) யூனிட் வச்சிருக்கேன். காத்து புகாம நைட்ரஜன் ஓடுற ஃபர்னஸ், உள்ள சாமான் அடுக்க ஸ்டீல் தட்டுக்கு பதிலா கார்பன் கார்பன் காம்போசிட் (கார்பன் நாரை கார்பனாலேயே பிணைச்சது) தட்டு, வெயிட் கம்மி, சூட்டுல வளையாது, ஆனா யானை விலை. மே மாசம் ஒரு தட்டுல கால் பேந்து வந்துடுச்சு. நம்ம வேலை 850 டிகிரில நடக்குது, சாதா எபாக்சி பசை 200 தாண்டுனாலே இளகி அப்புறம் கருகிடும், அதனால தான் இந்த இனார்கானிக் பேஸ்ட் கால் கிலோ டப்பா வாங்கினேன். வாட்டர் கிளாஸ்னு சொல்ற சோடியம் சிலிகேட்ல அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) பவுடர் கலந்தது, எபாக்சில இருக்கிற மாதிரி ரெசினே கிடையாது.

மொத தடவை ஒட்டினது கத்திரி வெயில்ல. சீக்கிரம் காயட்டும்னு வெளிய வச்சோம், மதியமே நம்ம பையன் தட்டிப் பார்த்துட்டு "அண்ணே, கல்லு மாதிரி ஆயிடுச்சுண்ணே, ஏத்திடலாமா"ன்னான், நானும் சரின்னுட்டேன், நேரா 300க்கு ஏத்தினோம். வெளிய எடுத்து கையால அசைச்சதும் கால் தனியா வந்துடுச்சு. உடைஞ்ச இடத்தைப் பார்த்தா ரவா தோசை மாதிரி பூரா ஓட்டை. வேலூர் வெயில்ல மேல தோல் கட்டிடுது, உள்ள ஈரம் அப்படியே நிக்குது, சூடு ஏறுனதும் அது ஆவியாகி பேஸ்ட்டை ஊத வச்சு கிழிச்சிட்டு வெளிய வருது. டப்பாவுல 1,100 டிகிரி தாங்கும்னு கொட்டை எழுத்துல போட்டவங்க, எப்படி காய வைக்கணும்னு ஒரு வரி கூட போடல, இது எனக்கு இன்னும் கோவம் தான்.

அடுத்த தடவை பழசை சுரண்டிட்டு 80 நம்பர் எமரி பேப்பர்ல தேய்ச்சு தூசியை ஊதிட்டேன். கார்பன் தட்டு ஸ்பாஞ்ச் மாதிரி, பேஸ்ட்ல இருக்கிற தண்ணியை உறிஞ்சிட்டு வெறும் பொடியை விட்டுடும், அதனால பேஸ்ட்டையே தண்ணி விட்டு இளக்கி பிரஷ்ல ஒரு கோட் தேய்ச்சிட்டு, மேல மெல்லிசா, அரை மில்லி கூட இல்லாம தடவி, வெயிட் வச்சு ராத்திரி பூரா நிழல்ல விட்டேன். அப்புறம் 90ல நாலு மணி நேரம், 150ல ரெண்டு மணி நேரம், அதுக்கு மேல நிதானமா ஏத்தினேன். இன்னிக்கு வரைக்கும் நிக்குது! நசுக்குற லோடு எவ்வளவு வேணா தாங்குது, ஆனா இழுத்தாலோ பக்கவாட்டுல தட்டுனாலோ பட்டுனு விட்டுடும்.

இதே பேஸ்ட்ல அலுமினா டியூப் ஒண்ணை தட்டோட ஒட்டிப் பார்த்தேன், மூணாவது ஹீட்லயே முடி மாதிரி விரிசல். சூட்டுல அலுமினா விரியிற அளவுக்கு இந்த கார்பன் விரியாது, பல மடங்கு வித்தியாசம், நடுவுல பசை என்ன தான் பண்ணும் பாவம். கார்பனோட கார்பனைச் சேர்க்க கிராஃபைட் பவுடர் கலந்த பேஸ்ட் தான் இன்னும் பொருத்தம்.

1,100 தாங்கும்னு நம்பி காத்து புகுற அடுப்புல மட்டும் வச்சிடாதீங்க. பசை நிக்கும், கார்பன் நிக்காது, 400, 500 டிகிரிலயே காத்துல கொஞ்சம் கொஞ்சமா எரிஞ்சு இளைக்க ஆரம்பிச்சிடும்.

மழை சீசன்ல இன்னொண்ணு பார்த்தேன். முழுசா சுடாத ஜாயின்ட் ஒண்ணை ஜன்னல் ஓரமா வச்சிருந்தேன், ஒரு வாரத்துல உப்பு பூத்த சுவர் மாதிரி வெள்ளையா பூத்து, நகத்தால கீறினா உதிருது. கையில கிளவுஸ் போட்டுக்கோங்க, காரம் ஜாஸ்தி, தோல் வெடிக்குது. கண்ணாடி மேல சிந்தினா உடனே துடைச்சிடுங்க, காஞ்சா அந்தக் கறை போகாது.

அஞ்சுக்கு மூணரை ஸ்டார் தரேன். அந்தத் தட்டு இப்பவும் ஃபர்னஸ் உள்ள தான் இருக்கு, இந்த டப்பா தீர்ந்ததும் கிராஃபைட் கலந்தது தான் வாங்கப் போறேன்.