கேமராவா, ரெண்டு டீச்சரா? விபிஎஸ் நடத்துறவங்களுக்கு ஒரு அலசல்

ஏப்ரல் வந்தா எங்க சேகரத்துல, அதாவது எங்க சர்ச் வட்டாரத்துல, விபிஎஸ் (லீவுல பிள்ளைங்களுக்கு சர்ச்ல நடக்குற பைபிள் ஸ்கூல்) கமிட்டி கூடும், பாட்டுக்கு யாரு, ஸ்நாக்ஸுக்கு யாரு, பேனர்ல யார் யார் பேரப் போடணும்னு ரெண்டு மணி நேரம் ஓடும், கடைசி அஞ்சு நிமிஷத்துல யாராவது "பிள்ளைங்க சேஃப்டி"ன்னு இழுத்தா எல்லாரும் தலைய ஆட்டிட்டு "கேமரா வச்சிருவோம்"னு ஜெபம் பண்ணி முடிச்சிருவாங்க. இந்த தடவ நான் கொஞ்சம் மல்லுக்கட்டுனேன். 11 வருஷமா பிரைமரி கிளாஸ் எடுக்கேன், எது உதவுது எது சும்மா பேருக்குன்னு ஓரளவு பாத்தாச்சு, அதான் ஒண்ணுக்கு ஒண்ணு பக்கத்துல வச்சு எழுதிப் பாக்கேன். நான் பாத்த வரைக்கும் காசு செலவாகுற வழின்னா கமிட்டில உடனே சரின்னுருவாங்க, யார் மூஞ்சியாவது கோணும்னு தெரிஞ்ச வழிக்குத்தான் "அடுத்த வருஷம் பாப்போம்".

மொதல்ல கேமரா. நாலு கேமரா, பதிவு பண்ற டிவிஆர் ஒண்ணு, ஒரு டிவி, உபயம்னு பேர் எழுத ஆளும் ஈஸியா கிடைக்கும். நல்லது இல்லாம இல்ல, கேட்டு, வராந்தா, வேன் நிக்கிற இடம் எல்லாம் பதிவாகும், பிள்ளைய யார் கூட்டிட்டுப் போனான்னு அப்புறமா போட்டுப் பாக்கலாம். அந்த "அப்புறமா"தான் இடிக்கி. நடக்குற நேரத்துல அந்த டிவிய யார் பாத்துட்டு உக்காந்திருக்கா? எங்க கோயில்ல டிவி வெஸ்ட்ரிக்குள்ள (ஐயரோட ரூம்) இருக்கு, வெஸ்ட்ரி பூட்டியிருக்கு, சாவி கோயில் வேலையப் பாத்துக்கிற கோயில்பிள்ளை இடுப்புல இருக்கு. டாய்லெட், டிரஸ் மாத்துற ரூம் இங்கல்லாம் கேமரா வைக்கவும் கூடாது, ஆனா நமக்கு பயமே அந்த மாதிரி மூலைங்கதான்.

அதுக்கு எதிர்ல ரெண்டு டீச்சர் ரூல். மூடின ரூம்ல எந்தப் பெரியவங்களும் ஒரு பிள்ளையோட தனியா இருக்கக் கூடாது, கிளாஸுக்கு ரெண்டு பேரு, அந்த ரெண்டு பேரும் ஒரே வீட்டு ஆளா இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒத்தப் பைசா செலவில்ல, ஆனா ஆள் வேணும். எங்களுக்கு 14 கிளாஸ், அப்போ 28 பேரு. லிஸ்ட்ட எடுத்துப் பாத்தா பாதிப் பேரு ப்ளஸ் டூ எழுதிட்டு லீவுல இருக்கிற பசங்க. பிள்ளைங்கள பாலியல் குற்றத்துல இருந்து காக்குற போக்சோ சட்டத்துல 18 வயசு முடியாத யாருமே குழந்தைதான், அப்போ ஒரு 50 வயசு அண்ணாச்சியும் ஒரு 17 வயசு தம்பியும் சேந்து கிளாஸ் எடுத்தா அது ரெண்டு டீச்சர் இல்ல, ஒரு பெரியவரும் கூட ஒரு பிள்ளையும். இத சொன்னப்ப மீட்டிங்ல கொஞ்ச நேரம் யாருமே பேசல. கடைசில 14 கிளாஸ 9 ஆக்கிட்டோம், பசங்கள உதவிக்கு மட்டும் போட்டோம். சத்தம் தாங்காது, ஆக்‌ஷன் சாங் போட்டா மேல இருக்கிற ஃபேனே ஆடும், பரவால்ல.

இதுல மூஞ்சி கோணுனதும் நடந்துச்சு. ரொம்ப வருஷமா கிளாஸ் எடுக்கிற ஒரு அண்ணாச்சி "அப்போ எங்க மேலயே சந்தேகமா"ன்னு கேட்டுட்டார். "உங்க மேல நாளைக்கு ஒருத்தன் அபாண்டமா சொன்னா, இல்லன்னு சொல்ல பக்கத்துல ஒரு ஆளு வேணாமா அண்ணாச்சி, இது உங்களுக்கும் சேத்துதான்"னேன். ரெண்டு நாள் வரல, மூணாம் நாள் ஹார்மோனியத்தோட வந்து நின்னார்.

இந்த ரெண்டுக்கும் நடுவுல யாரும் பேசாத ஒரு வழி இருக்கு, கதவுல கண்ணாடி. கிளாஸ் ரூம் கதவுல நெஞ்சு உயரத்துக்கு மேல பலகைய வெட்டி கண்ணாடி போட்டுட்டா வராந்தால போறவங்க யாருமே உள்ள பாக்கலாம், ரெக்கார்டிங்கும் வேணாம் கரண்டும் வேணாம். என் வரிசை இதுதான்: மொதல்ல ரெண்டு ஆளு, அடுத்து கண்ணாடி, காசு மிஞ்சுனா கேட்டுல ஒரு கேமரா.

கேட்டுலதான் வைக்கணும்னு எல்லாரும் நெனைக்கிறதுக்குக் காரணம், ஆபத்து வெளிய இருந்து வரும்னு ஒரு நம்பிக்கை. மத்திய அரசோட பெண்கள் குழந்தைகள் துறை 2007ல ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு, 13 மாநிலம், 12,447 குழந்தைங்க, அதுல 53.22% பேரு ஏதோ ஒரு வகையில பாலியல் தொந்தரவ சந்திச்சதா சொன்னாங்க, செஞ்சவங்கள்ல பாதிப் பேரு பிள்ளைக்குத் தெரிஞ்சவங்க, நம்பிக்கையான இடத்துல இருந்தவங்க. இன்னொண்ணு, பாதிக்கப்பட்டதுல ஆம்பளப் பிள்ளைங்கதான் கொஞ்சம் அதிகம், 52.94%. "பொம்பளப் பிள்ளைங்க கிளாஸுக்கு மட்டும் ரெண்டு டீச்சர் போடுவோம்"னு எங்க மீட்டிங்லயும் ஒருத்தர் சமாதானம் பேசுனார், அவருக்கு இந்தக் கணக்கத்தான் சொன்னேன்.

சரி, ஆள எப்படி எடுக்குறது? ஒரு பக்கம் போலீஸ் வெரிஃபிகேஷன், இன்னொரு பக்கம் பழகிப் பாத்து எடுக்குறது. 2020ல வந்த போக்சோ விதிகள் பிள்ளைங்களோட தொடர்ந்து பழகுற எந்த நிறுவனமா இருந்தாலும் ஸ்டாஃப் எல்லாருக்கும், பெர்மனன்டோ கான்ட்ராக்டோ, போலீஸ் வெரிஃபிகேஷன் பண்ணணும்னு சொல்லுது. சம்பளம் வாங்காத வாலண்டியர மட்டும் எதுக்கு விடணும், பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியவா போகுது. ஆனா அந்தப் பேப்பர் கேஸ் ஆனதத்தான் காட்டும். ஒரு ஊர்ல பெரியவங்க கூடிப் பேசி அமுக்கி, ஆள வேற ஊருக்கு அனுப்பிருந்தா பேப்பர் சுத்தமாத்தான் வரும். அதனால சபைக்கு வந்து ஆறு மாசமாவது ஆகாத யாருக்கும் கிளாஸ் குடுக்குறதில்ல, முன்னாடி இருந்த சபைக்கு ஒரு போனப் போட்டு "இவர திரும்ப உங்க சண்டே ஸ்கூல்ல விடுவீங்களா"ன்னு நேரா கேக்குறது. அந்தப் பக்கம் பதில் வர எவ்வளவு நேரம் ஆகுதுங்கறதுலயே பாதி தெரிஞ்சிரும். ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா நான் போனத்தான் எடுப்பேன், ரெண்டும் பண்றதுதான் ஒழுங்கு.

பிள்ளைய திருப்பி ஒப்படைக்கிறது அடுத்து. எங்க பழைய முறை "முகம் தெரியும்ல"ங்கறதுதான், பல வருஷமா அப்படித்தான் ஓடுச்சு, ஒரு நாள் எல்கேஜி பாப்பா ஒண்ண காணும்னு முக்கால் மணி நேரம் தெருத்தெருவா அலைஞ்சோம், கடைசில பாத்தா பக்கத்து வீட்டு அத்தை "நான்தான் போறேனே"ன்னு யார்கிட்டயும் சொல்லாம கூட்டிட்டுப் போயி ஆச்சி வீட்ல விட்ருக்காங்க, பாப்பா அங்க உக்காந்து மாம்பழம் தின்னுட்டு இருந்துச்சு. அதுல இருந்து டோக்கன். ஒரு அட்டைய ரெண்டா வெட்டி ரெண்டுலயும் ஒரே நம்பர், ஒண்ணு பிள்ளை சட்டையில, ஒண்ணு அம்மா கையில, நம்பர் சேந்தாதான் பிள்ளை வெளிய போகும். மொத நாள் க்யூவுல நின்ன அப்பாமாரு திட்டுனாங்க, தொலைச்சிட்டு வாரவங்களும் உண்டு, அவங்களுக்கு ஃபார்ம்ல இருக்கிற நம்பருக்கு அடிச்சுக் கேட்டுட்டுத்தான் அனுப்புறோம். மூணாம் கிளாஸ் வரைக்கும் டோக்கன், அதுக்கு மேல தனியா சைக்கிள்ல போற பிள்ளைங்களுக்கு அப்பா அம்மா கையெழுத்து. வாட்ஸ்அப் குரூப்ல "பிள்ளை கிளம்பியாச்சு"ன்னு போட்டா போதாதான்னு கேட்டாங்க. போதாது, அத யார் எப்போ பாப்பாங்க.

பேட்ஜ்ல பெருசா பேரு எழுதுறதயும் நிப்பாட்டிட்டோம். முன்பின் தெரியாத ஒருத்தன் பேரச் சொல்லிக் கூப்பிட்டா சின்னப் பிள்ளை தெரிஞ்ச ஆளுன்னு நெனச்சுக்கும். அந்த பேட்ஜோட போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிற டீச்சர்மார என்ன சொல்ல.

டாய்லெட்தான் பெரிய தலைவலி, கோயிலுக்குப் பின்னாடி காம்பவுண்ட் சுவரோரம் ஒதுக்குப்புறமாத்தான் எங்க ஊர்ப் பக்கம் எல்லாரும் கட்டி வச்சிருக்காங்க. டீச்சர் உள்ள கூடப் போறதா, பிள்ளைங்கள ஜோடியா அனுப்புறதா, இல்ல வாசல்ல ஒரு ஆளு நிக்கிறதா? டீச்சர் தனியா உள்ள போறது ரெண்டு டீச்சர் ரூலையே உடைச்சிரும். ஜோடியா அனுப்புனா தண்ணில விளையாடிட்டு அரை மணி நேரம் வராது. நாங்க ஜோடியா அனுப்பி, வாசல்லருந்து பத்தடி தள்ளி நிழல்ல சேரப் போட்டு ரெண்டு அத்தைமார உக்கார வச்சோம், அவங்களுக்கு பேசுறதுக்கா விஷயமில்ல. கழுவி விட வேண்டிய வயசுப் பிள்ளைன்னா அம்மாவோ ஆச்சியோ கூட இருக்கணும், இல்லன்னா சேக்க மாட்டோம்னு ஃபார்ம்லயே எழுதியாச்சு. அட்மிஷன்ல ஒரு எட்டு பத்து குறைஞ்சுது. கமிட்டிக்கு வருத்தம்தான்.

பந்தலப் பத்தி ஒரே வரி, ஓலப் பந்தல் குளுமைதான், ஆனா 2004 ஜூலை 16ல கும்பகோணத்துல சமையக்கட்டுத் தீ கூரையில பிடிச்சு 94 பிள்ளைங்க போனத நெனச்சா வேப்பமரத்து நிழலே போதும்னு இருக்கு, ஸ்நாக்ஸ் அடுப்பு எங்கயோ தள்ளி இருக்கட்டும்.

கடைசியா, யாரும் பேசப் பிரியப்படாதது. ஒரு பிள்ளை வந்து "அந்த அண்ணன் இப்படிப் பண்ணுனாங்க"ன்னு சொல்லிருச்சுன்னா என்ன பண்றது, சபைக்குள்ள பேசுறதா, வெளிய போறதா? உள்ள பேசுறதுக்கு வாதம் ரெடியா இருக்கும், சபை பேரு, அந்தப் பிள்ளையோட எதிர்காலம், அப்புறம் பைபிள்ல மத்தேயு 18ஆம் அதிகாரம், மொதல்ல தனியா போய்ப் பேசு, கேக்கலன்னா ரெண்டு பேர கூட்டிட்டுப் போ, அதுக்கப்புறம் சபைக்குச் சொல்லு. அது ரெண்டு பெரியவங்களுக்குள்ள வார மனஸ்தாபத்துக்கு. சின்னப் பிள்ளைக்கு இடறல் உண்டாக்குறவன் கழுத்துல எந்திரக்கல்லக் கட்டிக் கடல்ல போடுறது நல்லதுன்னு இருக்கிறதும் அதே 18ஆம் அதிகாரம்தான், அந்த வசனத்த மட்டும் மீட்டிங்ல யாரும் எடுக்க மாட்டாங்க.

சட்டத்துல இது சாய்ஸே இல்ல. போக்சோ 19ஆவது பிரிவுப்படி விஷயம் தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் லோக்கல் போலீஸ்லயோ சிறப்பு சிறார் போலீஸ் பிரிவுலயோ சொல்லியே ஆகணும், சொல்லலன்னா 21ஆவது பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோ அபராதமோ ரெண்டுமோ. நிறுவனத்தப் பொறுப்புல வச்சிருக்கிறவங்க தனக்குக் கீழ உள்ள ஆள் பண்ணுனத மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும் போகும், அபராதமும் உண்டு. நல்லெண்ணத்தோட சொன்னவங்க மேல கேஸ் வராது. மத நிறுவனத்தோட நிர்வாகத்துலயோ ஸ்டாஃப்லயோ உள்ள ஆளு அங்கயே பண்ணுனா, சட்டம் அத இன்னும் மோசமான குற்றமாத்தான் பாக்குது. இத வாசிச்சுக் காட்டுனப்ப எங்க செக்ரட்டரி கண்ணாடியக் கழட்டித் தொடச்சார்.

பெத்தவங்க தயங்குறதுக்கு முக்கியமான காரணம் "ஸ்டேஷனுக்கு இழுப்பாங்களே"ங்கற பயம். பிள்ளை வீட்லயோ அதுக்குப் பிடிச்ச இடத்துலயோ வச்சுத்தான் வாக்குமூலம் எடுக்கணும், கூடுமானவரை பெண் எஸ்ஐதான் எடுக்கணும், யூனிஃபார்ம் போட்டுட்டு வரக் கூடாது, ராத்திரி பிள்ளைய ஸ்டேஷன்ல வைக்கக் கூடாது, பேரு பேப்பர்ல வரக் கூடாது, எல்லாம் சட்டத்துலயே இருக்கு. நடைமுறையில எல்லா இடத்துலயும் அப்படியே நடக்குதுன்னு நான் சொல்ல வரல, ஆனா இத தெரிஞ்சு வச்சுட்டுப் போற அப்பா அம்மா நின்னு கேக்கலாம். கமிட்டி தானா விசாரிக்கிறேன்னு பிள்ளைய நடுவுல உக்கார வச்சு பத்துப் பேரு கேள்வி கேக்குறதுக்கு இது ஆயிரம் மடங்கு மேல்.

பிள்ளைங்களுக்கான ஹெல்ப்லைன் 1098ல இருவத்தி நாலு மணி நேரமும் எடுப்பாங்க, பிள்ளையே கூப்பிடலாம். அந்த நம்பர நோட்டீஸ் போர்டுல ஒட்டலாம்னு முடிவாச்சு, போர்டு பெரியவங்க உயரத்துல கல்யாண அறிவிப்பு ஓலைங்களோட இருக்கு, எந்தப் பிள்ளை அங்க போய் வாசிக்கும்? டாய்லெட் கதவோட உள்பக்கம் பிள்ளைங்க கண்ணு மட்டத்துக்கு ஒட்டச் சொல்லிருக்கேன். கோயில் டாய்லெட்ல இதெல்லாம் எதுக்குன்னு ஒரு அத்தை கேட்டாங்க, பசை வாளிய அவங்க கையிலயே குடுத்துட்டேன்.